ஆயில் பெயிண்டிங் பண்றவங்களுக்கு இன்ஸ்பிரேஷன் எங்கேருந்து வருது, இயற்கையா மனுஷ உருவமா?

பத்து வருஷமா வரையறேன், என்னால இந்த ரெண்டையும் பிரிக்க முடியல. அதுக்குக் காரணம் பால் செசான்னு ஒரு பிரெஞ்சு ஓவியர்.

பிரான்ஸ்ல அவரோட ஊருக்குப் பக்கத்துல சாந்த் விக்துவார்னு ஒரு மலை, அந்த ஒரே மலையை ஆயில், வாட்டர்கலர்னு 60 தடவைக்கு மேல வரைஞ்சிருக்கார். முதல்ல பாக்குறப்ப எல்லாம் ஒண்ணு போலதான் இருக்கும், பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க, ஒண்ணுல மலை கெட்டியா உக்காந்திருக்கும், இன்னொண்ணுல வானத்தோட கரைஞ்சு போயிருக்கும். மனுஷங்களையும் அப்படித்தான் பாத்தார். 1899ல வொலார்ட்னு ஒரு ஆர்ட் டீலரை 115 தடவை உக்கார வெச்சாராம், அவர் தூங்கி விழுந்தா ஆப்பிள் மாதிரி அசையாம இருக்கணும்னு திட்டு வேற. இது வொலார்டே எழுதி வெச்சது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது குளிக்கிற பெண்களை வரைஞ்ச அந்தப் பெரிய படம், இப்ப ஃபிலடெல்ஃபியா மியூசியத்துல இருக்கு, சுமார் ஏழு வருஷம் வேலை செஞ்சும் முடிக்கல. அதுல ரெண்டு பக்கமும் மரம் உள்பக்கமா சாயுது, கீழ இருக்கிற உடம்புகளும் அதே சாய்வுல சாயுது. மரம் எங்க முடியுது முதுகு எங்க ஆரம்பிக்குதுன்னு தேட வேண்டி வரும். இதுக்கு மேல அந்தக் கேள்விக்கு என்ன பதில் வேணும்?

1906 அக்டோபர்ல செசான் வெளியில வரைஞ்சிட்டு இருந்தப்ப மழையில மாட்டி மயங்கி விழுந்து, வண்டியில வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தாங்க. மறுநாள் காலைல எழுந்து தோட்டத்துக்குப் போய் தோட்டக்காரர் வாலியேவோட போர்ட்ரெயிட்டை வரைய உக்காந்துட்டார். ஒரு வாரத்துல போயிட்டார்.

நான் இப்ப எங்கம்மாவை அடுப்படி ஜன்னல்கிட்ட உக்கார வெச்சு வரையறேன். கன்னத்து நிழல் எவ்வளவு பிரவுன் போட்டாலும் சரியா வரல, மூணாவது நாள்தான் கவனிச்சேன், வெளியில நிக்கிற முருங்கை மரத்தோட பச்சை அவங்க கன்னத்துல விழுது. பெயிண்ட்ல கலந்திருக்கிற லின்சீட் ஆயில் சீக்கிரம் காயாதுங்கிறதால அந்த ஈரத்துலயே விரிடியன்ங்கிற பச்சையைக் கொஞ்சம் தொட்டு வெச்சேன், முகம் எழுந்து வந்துடுச்சு. போன வாரம் மரத்தைக் கழிச்சு விட்டாங்க, இப்ப அம்மா முகத்துல வேற வெளிச்சம், அதனால புது கேன்வாஸ் எடுத்துட்டேன்.