மறு: மணிலாவில் பன்றியும் மாடும் தவிர்த்து உள்ளூர்க் கடையில் சாப்பிட முடியுமா?

பன்றி, மாட்டிறைச்சி ஆகாது, ஆனால் மணிலா போனால் ஓட்டல் பஃபே வேண்டாம், கரிந்தேரியா என்கிற உள்ளூர்ச் சாப்பாட்டுக் கடையில்தான் சாப்பிட ஆசை என்று கேட்டிருந்தீர்கள். நல்ல ஆசை, தாராளமாக முடியும். சமைத்ததெல்லாம் பாத்திரங்களில் முன்னாலேயே இருக்கும். பார்த்து, கையைக் காட்டி வாங்கலாம்.

முதலில் சினிகாங் நா ஹிப்போன் கேளுங்கள். இறால், முள்ளங்கி, கீரை போட்ட புளிச்சாறு. காரம் இருக்காது, ஆனால் அந்தப் புளிப்பு நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். சோற்றில் நிறைய ஊற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் கோழி அடோபோ: வினிகர், சோயா சாஸ், பூண்டு, மிளகு, பிரிஞ்சி இலை. சில கடைகளில் கோழியோடு பன்றியையும் சேர்த்தே வேகவைப்பார்கள், கேட்டுவிடுங்கள்.

காய்கறி விஷயத்தில்தான் அதிக கவனம் வேண்டும். பல காய்கள் கலந்த பினாக்பெட், பச்சைப்பயறு மொங்கோ, தேங்காய்ப்பாலில் வேகும் சேப்பங்கீரை லாயிங், இவற்றில் பன்றித் துண்டு சேர்ப்பது சகஜம். உள்ளே பூரணம் வைத்துச் சுருட்டிய லும்பியாவும் அப்படித்தான். வேர்க்கடலைக் குழம்பான கரே-கரே பெரும்பாலும் மாட்டுவால், விட்டுவிடுங்கள்.

அங்கே பேசும் டகாலோக் மொழியில் "மய் பாபொய் பா?" என்றால் பன்றி இருக்கிறதா என்று அர்த்தம். மாட்டுக்கு 'பாக்கா'. மதியக் கூட்டத்துக்கு முன்பே போங்கள், நின்று பதில் சொல்வார்கள்.