600 எம்.எம். லென்ஸுக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைக்கலாமா?

கேள்வி: திருநெல்வேலியில் தனியார் வேலை. கைக்கு வரும் சம்பளம் 38,000 ரூபாய், செலவு 29,000, சேமிப்பு 40,000. கேனன் க்ராப் சென்சார் டிஎஸ்எல்ஆரும் 55-250 லென்ஸும் வைத்துப் பறவைப் படம் எடுக்கிறேன். தூரம் எட்டவில்லை. 150-600 லென்ஸுக்குக் கடையில் 1,05,000 சொல்கிறார்கள், 18 மாத 'நோ காஸ்ட் இஎம்ஐ' உண்டாம். "என் சங்கிலியை வச்சு வாங்கிக்கோ" என்கிறார் அம்மா. எது நல்லது?

பதில்: இரண்டுமே வேண்டாம். லென்ஸ் வாங்குங்கள். ஆனால் ஒரு வருடம் பொறுத்து, பழைய லென்ஸாக, ரொக்கத்துக்கு வாங்குங்கள்.

நகைக்கடன் வட்டி, கிரெடிட் கார்டு வட்டியைவிடக் குறைவுதான். ஆனால் வருடம் முடிந்ததும் அசலைத் திருப்ப வழியில்லாமல், வட்டியை மட்டும் கட்டி மறுபடி வைப்பவர்கள் ஏராளம். நகை மூழ்கிப்போவது இப்படித்தான். திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் உங்கள் வீட்டுக்குக் கைகொடுக்கப்போவது அந்தச் சங்கிலி. அம்மா மனசோடு கொடுத்தாலும் தொடாதீர்கள்.

'நோ காஸ்ட்' என்றால் வட்டியே இல்லை என்று அர்த்தமில்லை. வங்கி வட்டி போடும், அந்தத் தொகையைக் கடைக்காரர் விலையில் கழித்துக் காட்டுவார். ரொக்கம் கொடுப்பவர் பேரம் பேசிக் குறைக்கக்கூடிய பணம் அது. 15 சதவீதம் என்று கணக்குப் போட்டால் வட்டி சுமார் 11,500. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 2,000, உங்கள் தலையில். ப்ராசஸிங் கட்டணம் தனி. மாதம் 5,833 போனால் மிஞ்சும் 9,000-த்தில் கையில் நிற்பது மூவாயிரம் சொச்சம். மூன்று மாதச் செலவுக்கான 87,000 ரூபாய்கூடச் சேராத நிலையில் இது ஆபத்து.

மாற்று வழி: மாதம் 5,000 அவசர நிதிக்கு, 4,000 லென்ஸுக்காக ஒரு வருட ஆர்.டி.க்கு (மாதாமாதம் கட்டும் வைப்பு). கையிலிருக்கும் 40,000-த்தோடு சேர்ந்து பத்து மாதத்தில் அவசர நிதி நிறைந்துவிடும். அடுத்த இரண்டு மாதம் அந்த 5,000-மும் லென்ஸ் கணக்குக்கு வரட்டும். வருட முடிவில் வட்டியோடு ஏறக்குறைய 60,000 இருக்கும். கைமாறி வரும் நல்ல 150-600 லென்ஸைத் தேட அந்தப் பணத்தோடு இறங்கலாம்.

அதுவரை? உங்கள் ஊர்க்காரர்களுக்கு இருக்கும் வசதி வேறு யாருக்கும் இல்லை. உங்கள் மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்தில் மஞ்சள் மூக்கு நாரை ஊருக்குள், வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகிறது. அதற்கு 600 எதற்கு? 24 மீட்டரில் இருக்கும் பறவை 600-இல் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ, 10 மீட்டரில் இருப்பது உங்கள் 250-இல் அவ்வளவு பெரிதாகத் தெரியும். அதிகாலையில் போய், தரையோடு தரையாக, அசையாமல் உட்காருங்கள், பறவை தானாக நெருங்கும். கூட்டை மட்டும் நெருங்காதீர்கள், தாய்ப்பறவை எழுந்துபோனால் குஞ்சு வெயிலில் வாடிவிடும். குளத்தின் நடுவே இறங்கும் வரித்தலை வாத்துக்குத்தான் உண்மையில் நீள லென்ஸ் வேண்டும். அது வரும் பருவத்தில் ஒரு வார இறுதிக்கு லென்ஸை வாடகைக்கு எடுங்கள். ஒரு மாதத் தவணையைவிடக் குறைவாகத்தான் ஆகும். இரண்டு கிலோ எடையை நாள் முழுக்கத் தூக்க முடிகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டித் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வர்ட்டரில் காசு போடாதீர்கள். கேனனே விற்கும் டெலிகன்வர்ட்டரான எக்ஸ்டெண்டர் உங்கள் லென்ஸில் பொருந்தாது. வேறு கம்பெனியுடையது பொருந்தினாலும், 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப், அதாவது பாதி வெளிச்சத்தைத் தின்னும், எஃப்/5.6 எஃப்/8 ஆகிவிடும், பல பழைய டிஎஸ்எல்ஆர்களில் ஆட்டோஃபோகஸ் அங்கே திணறும். நிக்கான் பி900 மாதிரி சூப்பர்ஜூம் கேமரா 2000 எம்.எம்.-க்கு இணையாக எட்டும். ஆனால் சென்சார் சிறியது, விடிகாலை வெளிச்சத்தில் படம் மணல் மணலாக வரும்.

பழைய லென்ஸை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். பின்பக்கமிருந்து டார்ச் அடித்துக் கண்ணாடிக்குள் நூல் நூலாகப் பூஞ்சை தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் கேமராவிலேயே மாட்டி, 600-இல் வைத்து, தூரத்து மரக்கிளையைப் பத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். வாங்கிய அன்றே சிலிக்கா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பா ஒன்றும் வாங்கிவிடுங்கள்.