பிரிவுக்குப் பின் வரும் முதல் தீபாவளி: பதற்றம் தணிய எதைச் சொல்லிக்கொள்வது?

பிரிவுக்குப் பின் வரும் தீபாவளியில் மந்திரம்போல எதைச் சொல்லிக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தீர்கள். "சந்தோஷமாக இருக்கிறேன்" என்பது மட்டும் வேண்டாம். பொய் என்று மனம் மறுக்கும், வலி கூடும். நம்ப முடிகிற இரண்டே சொல் போதும்.

4 எண்ணும்வரை மூச்சை மூக்கால் இழுத்து, மனதுக்குள் "வலிக்கிறது". 6 எண்ணும்வரை விட்டு, "தாங்கிக்கொள்வேன்". வெளிமூச்சு நீளும்போது இதயத் துடிப்பு தணியும். 5 நிமிடம் செய்யுங்கள். தலை சுற்றினால் மூச்சை அளவுக்கு மீறி இழுக்கிறீர்கள். இயல்பு மூச்சுக்குத் திரும்புங்கள்.

பலர் சறுக்குவது, உறவினர் கேள்வியில் தொண்டை அடைத்த பிறகே முதன்முறை முயல்வதால். ஒரு வாரம் முன்பே தினமும் படுக்கையில் பழகுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அடக்குவதற்கல்ல இந்த வாசகம்.

தூக்கமின்மை இரண்டு வாரம் நீடித்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருமுறை தோன்றினாலோ இந்திய அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.