கணிப்பொறிக்கு ராமானுஜன் தெரியாது

அன்புள்ள சார்,

செயற்கை நுண்ணறிவு ஒலிம்பியாட் கணக்கெல்லாம் போடுகிறது என்கிறார்கள். கொடுத்த கணக்கைப் போடுவது சரி, யாரும் கேட்காத புதிய கருத்து ஒன்றை அதுவாகக் கண்டுபிடிக்குமா? ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பிள்ளைகள் கேட்டார்கள், முழித்தேன்.

கே.

அன்புள்ள கே.,

கண்டுபிடிக்கும். 1976லேயே கண்டுபிடித்தது. தலைவலி அதற்கு அப்புறம்தான்.

ஸ்டான்ஃபோர்டில் டக்ளஸ் லெனட் தன் முனைவர் பட்டத்துக்காக ஏஎம் என்றொரு ப்ரோகிராம் எழுதினார். எண்கள் என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. கணங்களை (செட்) பற்றிய நூற்றுச் சொச்சம் கருத்துகளும், எங்கே தோண்டினால் ஏதாவது தேறும் என்று சொல்லும் சுமார் 250 விதிகளும்தான் கையில். அதை வைத்துக்கொண்டே எண்ணிக்கை, கூட்டல், பெருக்கல், வகுத்திகள் என்று ஏறிப் போனது. எனக்குப் பிடித்த விதி, எதிலும் கடைக்கோடியைப் போய்ப் பார் என்பது. வகுத்திகள் இரண்டே இரண்டு என்றால் பகா எண்கள். சரி, மறுகோடியில், தன்னைவிடச் சின்ன எண்கள் எல்லாவற்றையும்விட அதிக வகுத்திகள் உள்ள எண்கள்? 12ஐ எடுங்கள்: 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு வகுத்திகள், அதைவிடச் சின்ன எண் எதற்கும் ஆறு கிடையாது. அடுத்து 24க்கு எட்டு, 36க்கு ஒன்பது.

இது புதுசு என்றுதான் லெனட்டும் நினைத்தார். பிறகு பார்த்தால், 1915லேயே நம் ராமானுஜன் இந்த எண்களைப் பற்றி நீளமான கட்டுரையே எழுதியிருக்கிறார். அவர் பார்த்ததோடு விடவில்லை. இப்படிப்பட்ட எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2இன் அடுக்கைவிட 3இன் அடுக்கு கூடாது, 3இனுடையதைவிட 5இனுடையது கூடாது என்று நிறுவி, அங்கிருந்து எங்கெங்கோ போனார். ஏஎம்முக்கு நிறுவவே தெரியாது.

கொஞ்ச நாளில் அதற்குச் சரக்கும் தீர்ந்துவிட்டது. கணங்களுக்காக எழுதிய விதிகள் எண்களிடம் எடுபடவில்லை. தவிர, அது எழுதப்பட்ட லிஸ்ப் மொழியில் குட்டி ப்ரோகிராம் ஒன்றை லேசாக மாற்றினாலே கணிதத்தில் அர்த்தமுள்ள ஏதோ ஒன்று வந்து நின்றது, வெற்றியில் பெரும்பங்கு அதற்குத்தான் என்று 1984இல் லெனட்டே ஒப்புக்கொண்டார். இந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஆக, புதுக் கருத்துகளைக் கொட்டுவது மெஷினுக்குப் பெரிய வேலையில்லை, குப்பையும் சேர்ந்தே கொட்டும். 'அட, இது!' என்று நிமிர்ந்து உட்கார்வது யார் என்பதுதான் கேள்வி, அதற்கு மெஷினைப் பழக்குவது இன்றும் பாதிக் கிணறுதான் என்பது என் எண்ணம்.

ராமானுஜனோடு சேர்ந்து கணக்குப் போட்ட ஹார்டி, ராமானுஜன் இருவர் பெயர்களின் முதலெழுத்தை வைத்து ஹெச்ஆர் என்று சைமன் கோல்டன் பின்னாளில் இதே மாதிரி ஒரு ப்ரோகிராம் செய்தார். அது கண்ட எண்கள் வகுப்புக்குத் தோதானவை (அவற்றையும் 1990இல் வேறு இருவர் சொல்லிவிட்டிருந்தார்கள், பாவம்): வகுத்திகளின் எண்ணிக்கையாலேயே வகுபடுகிறவை. 8க்கு வகுத்திகள் நான்கு, தேறும். 10க்கும் நான்குதான், தேறாது. 100 வரை போடச் சொல்லுங்கள், 16 கிடைக்கும். அதில் 1, 9 தவிர மற்றதெல்லாம் இரட்டைப்படை. நீங்கள் சொல்லாமலே யாராவது ஒரு பிள்ளை அதைக் கவனித்து ஏன் என்று கேட்டால், எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.