ரூ. 800 கொடுத்து ரெஸ்யூமே வடிவமைக்க வேண்டுமா?

கேள்வி: நான் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையைச் சேர்ந்தவள். பி.காம். முடித்துவிட்டு இரண்டு ஆண்டுகளாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கோவையிலும் கொச்சியிலும் உள்ள நிறுவனங்களின் நிதிப் பிரிவு வேலைகளுக்கு விண்ணப்பிக்க இருக்கிறேன். பக்கத்திலுள்ள டி.டி.பி. சென்டரில், இடமும் வலமுமாக இரண்டு பத்திகளும் வண்ணப் பட்டைகளும் புகைப்படமும் கொண்ட டெம்ப்ளேட்டில் ரெஸ்யூமே செய்து தர 800 ரூபாய் கேட்கிறார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் 50 ரூபாய் தனி. இந்தச் செலவு தேவையா? எந்த எழுத்துரு நல்லது?

பதில்: அந்த 800 ரூபாயைக் கொடுக்காதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் வேலைக்கு அந்த டெம்ப்ளேட் பொருந்தாது என்பதே என் உறுதியான கருத்து.

நிதிப் பிரிவுக்கு ஆள் எடுப்பவர், எத்தனை நிறுவனங்களுக்கு ஜி.எஸ்.டி. தாக்கல் செய்தீர்கள், அவற்றின் விற்றுமுதல் எவ்வளவு, எந்த ஆண்டு என்று எண்களைத்தான் தேடுவார். ஆகவே எழுத்துருவை அதன் எண்களை வைத்தே தேர்ந்தெடுங்கள். வேர்டில் 34,75,960 என்று ஜார்ஜியா எழுத்துருவில் அடித்துப் பாருங்கள்: 3, 4, 5, 7, 9 ஆகியவை வரிக்குக் கீழே இறங்கும், 6 மேலே எழும், 0 ஆங்கிலச் சிற்றெழுத்து ஓ அளவுக்குச் சுருங்கி நிற்கும். கட்டுரை படிக்க இதமான எழுத்துருதான் அது. ஆனால் தொகைகளை மேலும் கீழுமாக ஒப்பிட்டுப் பார்க்கும் கண்ணுக்கு இடறும். கான்ஸ்டான்ஷியா, கேண்டரா, கார்பெல் ஆகியவற்றுக்கும் இதே இயல்பு உண்டு. அதே தொகையைக் காலிப்ரியிலோ கேம்பிரியாவிலோ டைம்ஸ் நியூ ரோமனிலோ அடித்தால் எல்லா எண்களும் ஒரே உயரத்திலும் ஒரே அகலத்திலும் வந்து, பேரேட்டில் எழுதியதுபோல ஒன்றன்கீழ் ஒன்று நேராக நிற்கும். இம்மூன்றில் ஒன்றை எடுத்து, உள்ளடக்கத்துக்கு 11 புள்ளியும் பெயருக்கு 16 புள்ளியும் வைத்தால் போதும். 2023 முதல் வேர்டில் தானாக வரும் ஆப்டோஸைத் தவிருங்கள் என்பேன். பழைய வேர்டு உள்ள கணினியில் அது இல்லாமல் வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்து, பக்கமே கலைந்துவிடும்.

ரூபாய்க் குறியிலும் கவனம் தேவை. 2010-இல் அந்தக் குறி அறிமுகமானபோது அதற்கென்றே தனி எழுத்துரு போட்டு அடிக்கும் பழக்கம் வந்தது. அப்படி அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ரூபாய்க் குறிக்குப் பதிலாக மேற்கோள் குறி போன்ற ஒரு கீற்று மட்டுமே தெரியும்.

இனி அமைப்பு. பெரிய நிறுவனங்களில் விண்ணப்பங்களை முதலில் ஒரு மென்பொருள் படிப்பதுண்டு. இரண்டு பத்தி அமைப்பில் அது இடப்பக்க வரியையும் வலப்பக்க வரியையும் ஒன்றாக ஒட்டிப் படித்துவிடக்கூடும். இதைச் சோதிக்க, பி.டி.எஃப். கோப்பிலுள்ள எல்லாவற்றையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலையாமல் வந்தால் நல்லது, எதுவுமே வராவிட்டால் அது படமாகச் சேமித்த கோப்பு. ஒரே பத்தி, ஒரே பக்கம், சுற்றிலும் 2 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுகளை வலது ஓரத்தில் நிறுத்த ஸ்பேஸ் பாரைத் தட்டிக்கொண்டே போகாமல், டேப் வைத்து நிறுத்துங்கள். இணையத்தில் கிடைக்கும் டெம்ப்ளேட்டுகள் பல அமெரிக்க லெட்டர் தாளுக்கானவை என்பதால், தாள் அளவு ஏ4 தானா என்று முதலிலேயே பாருங்கள்.

எக்செல் 80 சதவீதம், டேலி 90 சதவீதம் என்று நீளும் வண்ணப் பட்டைகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. 80 சதவீதம் என்றால் எதில் 80? கணக்குத் தெரிந்தவர் அதைத்தான் முதலில் கேட்பார். அந்த இடத்தில் “12 நிறுவனங்களுக்கு மாதந்தோறும் வங்கிக் கணக்கு ஒப்பீடு” என்பதுபோல நீங்கள் உண்மையிலேயே செய்த வேலையை ஒரு வரியில் எழுதுங்கள். தமிழ், மலையாளம் இரண்டையும் பேசத் தெரியுமா, எழுதவும் தெரியுமா என்பதைப் பிரித்துக் குறிப்பிடுங்கள். கோவையிலிருந்துகொண்டு கேரள வாடிக்கையாளர்களிடம் பேசும் அலுவலகத்துக்கு அது பெரிய தகுதி. நிறுவனம் கேட்டாலொழியப் புகைப்படம் வேண்டாம். ஆதார், பான் எண்களை ஒருபோதும் போடாதீர்கள்.

கூகுள் டாக்ஸிலோ லிப்ரே ஆபீஸிலோ இதையெல்லாம் நீங்களே இலவசமாகச் செய்துகொள்ளலாம். கணினி இல்லாததால் சென்டரில்தான் அடிக்க வேண்டும் என்றால், தட்டச்சுக்கு மட்டும் கூலி பேசி, பி.டி.எஃப். கோப்போடு திருத்தக்கூடிய வேர்டு கோப்பையும் உங்கள் மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லி, அது வந்து சேர்ந்து திறக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள். அந்தக் கோப்பு கையில் இருந்தால் திருத்தத்துக்கு 50 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்காது.