பல்கலைக்கழக விரிவுரைகளை வீட்டிலிருந்தே படிப்பது எப்படி? நெல்லைச் சீமையிலிருந்து வந்த கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகங்கள் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் விரிவுரைக் காணொளிகளைப் பற்றி நெல்லை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு, கல்லூரியில் கணிதம் கற்பிப்பவன் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

வள்ளியூர், பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர்: ஐயா, யூடியூபில் ஒரே தலைப்புக்கு நூற்றுக்கணக்கான காணொளிகள் வருகின்றன. எதைப் பார்ப்பது என்றே தெரியவில்லை.

தலைப்பை வைத்துத் தேடாமல் பாடத்தை வைத்துத் தேடுங்கள். தனித்தனிக் காணொளிகள் அன்றைய சந்தேகத்தைத் தீர்க்கலாம். ஆனால் எது முன்னே, எது பின்னே என்ற ஒழுங்கைத் தருவது ஒரு பருவம் முழுவதற்குமாக வகுக்கப்பட்ட பாடம்தான். உங்களைப் போன்ற பொறியியல் மாணவர்களுக்கு முதல் வாசல் என்.பி.டி.இ.எல். ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003ஆம் ஆண்டு தொடங்கிய இணையவழிப் பாடத் திட்டம் அது. நம் கல்லூரிப் பாடத்திட்டத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகும். அடுத்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி. (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) தன் பாடங்களை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று 2001இல் அறிவித்து உருவாக்கிய ஓப்பன்கோர்ஸ்வேர். அதில் 2,500க்கும் மேற்பட்ட பாடங்கள் உள்ளன. ஆனால் எல்லாப் பாடங்களுக்கும் காணொளி இல்லை. சிலவற்றுக்குக் குறிப்புகளும் வினாத்தாள்களும் மட்டுமே இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். விடையோடு கூடிய கணக்குத் தொகுப்பு பல நேரங்களில் காணொளியைவிடக் கூடுதலாகக் கற்றுத்தரும்.

பாளையங்கோட்டை, இளநிலைக் கணித மாணவி: அணிகள் (matrices) பற்றிய தாளில் கணக்குப் போட வருகிறது, ஆனால் எதற்காகப் போடுகிறோம் என்று புரியவில்லை. எந்த விரிவுரை உதவும்?

உங்கள் கேள்வியைப் படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது, ஏனெனில் இந்தக் குறைக்கு நேரான மருந்து இருக்கிறது. எம்.ஐ.டி.யின் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் 1999இல் வகுப்பறையில் எடுத்த நேரியல் இயற்கணித (Linear Algebra) விரிவுரைகள் முழுமையாகக் கிடைக்கின்றன. கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் மட்டும்தான். படம் சற்று மங்கலாக இருக்கும். அதனால் எந்த இழப்பும் இல்லை.

முதல் விரிவுரையை மட்டும் எடுத்துக்கொள்வோம். தெரியாத எண்கள் இரண்டு. முதல் எண்ணின் இருமடங்கிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பூச்சியம். இரண்டாவதன் இருமடங்கிலிருந்து முதலாவதைக் கழித்தால் 3. பள்ளி மாணவரே 1, 2 என்று விடை சொல்லிவிடுவார். ஸ்ட்ராங் இதே சமன்பாடுகளை இரண்டு விதமாகப் பார்க்கச் சொல்கிறார். நிரை நிரையாக, அதாவது ஒவ்வொரு சமன்பாடாகப் பார்த்தால் இரண்டு கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டிக்கொள்கின்றன. இது நமக்குப் பழகிய படம். நிரல் நிரலாக, அதாவது ஒவ்வொரு தெரியாத எண்ணின் கெழுக்களையும் மேலிருந்து கீழாகப் பார்த்தால் (2, −1), (−1, 2) என்ற இரண்டு வெக்டர்கள் கிடைக்கின்றன. எதை எத்தனை மடங்கு எடுத்துக் கூட்டினால் (0, 3) வரும் என்பதே கேள்வியாகிவிடுகிறது. முதலாவதில் ஒன்றும் இரண்டாவதில் இரண்டும் எடுத்துக் கூட்டிப் பாருங்கள். இந்த இரண்டாவது பார்வை மனத்தில் பதிந்துவிட்டால், அணியின் தரம், நேரியல் சார்பின்மை, ஒரு சமன்பாட்டுத் தொகுதிக்குத் தீர்வு உண்டா இல்லையா என்பவை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டிய விதிகளாக இல்லாமல், கண்ணால் காணக்கூடியவையாக மாறிவிடும். அவர் விடையைச் சொல்வதற்கு முன் காணொளியை நிறுத்திவிட்டு, வரைபடத் தாளில் நீங்களே வரைந்து பார்க்க வேண்டும். வரையாமல் பார்த்தால் புரிந்தது போலத் தோன்றும். தேர்வில் கை ஓடாது.

அம்பாசமுத்திரம், தமிழ் வழியில் படித்த மாணவர்: ஆங்கில விரிவுரை வேகமாகப் போகிறது. பாதிதான் பிடிபடுகிறது.

இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றும் இல்லை. நம் மாவட்டத்தில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் பலர் தயங்கி நிற்கும் இடம் இதுதான். முதலில் விரிவுரையின் எழுத்து வடிவத்தை எடுத்துப் படியுங்கள். எம்.ஐ.டி., என்.பி.டி.இ.எல். இரண்டிலும் அது கிடைக்கிறது, என்.பி.டி.இ.எல். பாடங்கள் சிலவற்றுக்குத் தமிழாக்கமும் உண்டு. பிறகு காணொளியின் வேகத்தை முக்கால் பங்காகக் குறைத்து, ஆங்கில வசன வரிகளைத் திரையில் ஓடவிட்டுப் பாருங்கள். யூடியூப் தானாகத் தரும் வரிகளில் கலைச்சொற்கள் பிழையாக வரும் என்பதால், பல்கலைக்கழகம் திருத்தித் தந்த வரிகளையே தேர்ந்தெடுங்கள். உங்களிடம் உள்ள மேல்நிலைத் தமிழ்ப் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆங்கிலக் கலைச்சொல்லையும் அதன் தமிழ்ச் சொல்லையும் எதிரெதிரே ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். ஒரு பாடத்துக்குள் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் நீங்கள் அஞ்சும் அளவுக்குப் பல அல்ல.

முக்கூடல், ஒரு தாயார்: பீடி சுற்றித்தான் மகளைப் படிக்க வைக்கிறேன். இலவசம் என்றார்கள், இப்போது பணம் கட்ட வேண்டும் என்கிறாள். உண்மைதானா ஐயா?

உங்கள் மகள் சொல்வது உண்மைதான் அம்மா; ஆனால் எதற்குப் பணம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். என்.பி.டி.இ.எல். பாடத்தில் சேர்வதற்கும், காணொளி பார்ப்பதற்கும், வாராந்தரப் பயிற்சிகளை எழுதுவதற்கும் ஒரு ரூபாய்கூட வேண்டியதில்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் ஒரு மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். அதற்குப் பாடம் ஒன்றுக்கு ஆயிரம் ரூபாய் அளவில் கட்டணம். பட்டியல் இன, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குச் சலுகை உண்டு. பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று மதிப்பெண் பிரித்திருக்கிறார்கள். பயிற்சியில் 10, தேர்வில் 30 ஆகிய இரண்டையும் எட்டினால்தான் தேர்ச்சி. ஆகவே முதல் சில வாரங்கள் மகள் பயிற்சிகளைத் தவறாமல் செய்கிறாளா என்று பார்த்துவிட்டு, கட்டணம் செலுத்தும் கடைசி நாளுக்குள் முடிவு எடுத்தால் போதும். சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று நடுவில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பேட்டை, கல்லூரி ஆசிரியர்: இந்தக் காணொளிகளை வகுப்பில் திரையிட உரிமை உண்டா?

எம்.ஐ.டி. பாடங்களைப் பொறுத்தவரை தாராளமாகத் திரையிடலாம். மூலத்தைக் குறிப்பிட வேண்டும், வணிக நோக்கம் கூடாது, நீங்கள் மாற்றியமைத்துப் பகிர்ந்தால் அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்பவையே நிபந்தனைகள். ஆனால் ஒரு மணி நேர வகுப்பு முழுவதையும் காணொளிக்குக் கொடுத்துவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாணவர் முகத்தைப் பார்த்து, புரியாத இடத்தில் நின்று, வேறு விதமாகச் சொல்ல காணொளியில் பேசும் பேராசிரியரால் இயலாது, உங்களால் இயலும். பத்து நிமிடம் திரையிட்டு, நிறுத்தி, கணக்கைக் கொடுங்கள்.

பாபநாசம், மலையடிவாரத்து மாணவர்: எங்கள் பக்கம் சிக்னல் நிற்பதில்லை.

கல்லூரியில் இணைப்பு இருக்கும்போது வாரத்துக்கு வேண்டியதைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். கரும்பலகை விரிவுரைக்குக் குறைந்த தரமே போதும். எழுத்து தெளிவாகத் தெரியும். வீட்டில் டி.டி. ஃப்ரீ டிஷ் இருந்தால், 2017 முதல் ஒளிபரப்பாகும் ஸ்வயம் பிரபா கல்வி அலைவரிசைகளுக்கு இணையமே தேவையில்லை.

கல்லிடைக்குறிச்சி, பணி ஓய்வு பெற்றவர்: அண்ணாச்சி, எனக்குப் பரீட்சை வேண்டாம், வேலையும் வேண்டாம். வரலாறு கேட்க ஆசை.

யேல் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்களில் டொனால்ட் ககன் நடத்திய பண்டைய கிரேக்க வரலாறு இருக்கிறது, அதில் தொடங்குங்கள். தமிழிலேயே படிக்க விரும்பினால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்களும் மின்நூலகமும் உங்களுக்கு நெடுநாள் துணையாக இருக்கும்.

அபிஷேகப்பட்டி, முதுநிலை மாணவி: நான்கு பாடங்களில் சேர்ந்தேன். நான்காவது வாரத்தில் எல்லாமே நின்றுவிட்டன. என்ன செய்வது?

மூன்றை இன்றே விட்டுவிடுங்கள். சேரக் கட்டணம் இல்லை என்பதால் கண்ணில் பட்டதில் எல்லாம் சேரத் தோன்றும்; ஆனால் பன்னிரண்டு வாரப் பாடம் என்பது பருவத் தாள் ஒன்றுக்குச் சமமான உழைப்பைக் கேட்பது. என்.பி.டி.இ.எல். கணக்கீட்டில் பன்னிரண்டு பயிற்சிகளில் சிறந்த எட்டை மட்டுமே எடுத்துக்கொள்வார்கள் என்பதால், ஓரிரு வாரம் தவறியதற்காகக் கைவிட வேண்டியதில்லை. விடுதித் தோழி ஒருவரையும் அதே பாடத்தில் சேரச் சொல்லுங்கள். ஒரே நாளில் இருவரும் தனித்தனியாகப் பயிற்சியைச் செய்து, விடை மாறுபடும் இடங்களை மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சில்தான் பாடம் உள்ளே இறங்கும்.

நாங்குநேரி, பொறியியல் மாணவர்: இந்த மதிப்பெண்ணைக் கல்லூரியில் கணக்கில் சேர்ப்பார்களா?

என்.பி.டி.இ.எல். பாடங்களும் நடக்கும் மத்திய அரசின் ஸ்வயம் தளத்துப் பாடங்கள் வழியாக ஒரு பருவத்துக்கு 40 விழுக்காடு வரை கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கிடப்படும் பாட அலகு) தர, பல்கலைக்கழக மானியக் குழு 2021 விதிகளில் அனுமதித்திருக்கிறது. எந்தப் பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதை உங்கள் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். சேர்வதற்கு முன்பே துறைத்தலைவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பாளையங்கோட்டை, வேதியியல் மாணவர்: செய்முறையையும் இப்படிக் கற்க முடியுமா?

முன்தயாரிப்புக்கு முடியும். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் விர்ச்சுவல் லேப்ஸ் தளத்தில் பல சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கலாம். ஆய்வகத்துக்குப் போவதற்கு முந்தைய நாள் அதைச் செய்தால் படிநிலைகளில் குழப்பம் இருக்காது. ஆனால் பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து துளித்துளியாக விட்டு, நிறம் மாறும் அந்தத் துளியில் குழாயை மூடும் பழக்கம் கைக்கு வர வேண்டும். அதற்கு ஆய்வக நேரத்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள்.