பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஃபைபர் வேலை: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்தவை, மீதி பொள்ளாச்சி. செட்டிப்பாளையத்து ரேஸ் டிராக் கூப்பிடு தூரத்தில் இருப்பதாலோ என்னவோ, நம் கேரள-தமிழ்நாட்டு எல்லைப்பக்கம் மாட்டுக்கொட்டகையில் கிடக்கும் காரை இழுத்து வந்து அழகு பார்க்கும் ஆசை கொஞ்சம் கூடுதல். நான் தொழில் படித்தது காரில் அல்ல, குளச்சல் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டும் கொட்டகையில். பதிலில் உப்புக்காற்று அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, என்னிடம் சான் ஸ்டார்ம் என்ற ஃபைபர் உடம்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. முன் மட்கார்டில் சிலந்திவலை மாதிரி விரிசல். டிங்கர் இரண்டு முறை பட்டி போட்டு பெயிண்ட் அடித்தார். ஆறே மாதத்தில் அதே இடத்தில் திரும்ப வந்துவிட்டது. – கொழிஞ்சாம்பாறை

டிங்கர் தகரத்துக்குச் செய்கிற வைத்தியத்தை ஃபைபருக்குச் செய்திருக்கிறார். உங்கள் காரில் வெளியே பளபளப்பாகத் தெரிவது பெயிண்ட். அதற்கு அடியில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஜெல் கோட் என்ற ரெசின் பூச்சு. அதற்கும் பின்னால்தான் கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த உடம்பு. ஜெல் கோட்டில் இழை கிடையாது, வளைந்தால் உடையும். பின்னால் உடம்பு ஆடிக்கொண்டே இருக்கும்போது முன்னால் எத்தனை முறை பட்டி போட்டாலும் விரிசல் திரும்பி வரும்.

முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். ஒரே புள்ளியிலிருந்து நட்சத்திரம் போல் விரிந்தால் அந்த இடத்தில் அடி பட்டிருக்கிறது. பெரும்பாலும் சக்கரம் எறிந்த கல்லாக இருக்கும். போல்ட் மாட்டும் இடத்தை ஒட்டி வரிவரியாக இருந்தால், ஆடுகிறது அல்லது அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. ‘பொத்’தென்று கேட்டால் உள்ளே லேயர் பிரிந்துவிட்டது.

வேலை பின்பக்கத்தில்தான் தொடங்க வேண்டும். மட்கார்டைக் கழற்றி, அசிட்டோனால் துடைத்துவிட்டு, அப்புறம் கிரைண்டர் வையுங்கள். தேய்த்த பிறகு துடைக்கலாம் என்று விட்டால் கிரீஸையும் தேய்ப்போடு சேர்த்து உள்ளே ஏற்றிவிடுவீர்கள். 450 கிராம் மேட்டில் (சதுர மீட்டருக்கு 450 கிராம் வரும் கண்ணாடி இழைப் பாய்) இரண்டு லேயர் ரெசினோடு ஒட்டுங்கள், விரிசலைத் தாண்டி நாலாபுறமும் 5 செ.மீ.யாவது போகட்டும். லேயர் பிரிந்த இடமானால் கெட்டதை முழுக்க எடுத்துவிட்டு, ஓரத்தைச் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஒரு பங்கு கனத்துக்குப் பன்னிரண்டு பங்கு சரிவு. அதாவது 3 மி.மீ. உடம்புக்கு 36 மி.மீ. அகலம். வீணடிப்பதுபோலத் தோன்றும், ஆனால் ஒட்டு நிற்பது அந்தச் சரிவில்தான். முன்பக்க விரிசலை ஆங்கில ‘வி’ எழுத்துப்போல் கீறித் திறந்து ஜெல் கோட் நிரப்புவது கடைசி வேலை. பெயிண்டைக் கழற்றச் சாதாரண பெயிண்ட் ரிமூவரைப் பூசிவிடாதீர்கள், ரெசினையும் சேர்த்துத் தின்னும்.

1960களின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு. பானெட் முழுக்கத் துரு. ஃபைபரில் புதிதாகச் செய்து, கூடவே முகத்தையும் கொஞ்சம் ஸ்போர்ட்டியாக மாற்றலாமா? – வண்டித்தாவளம்

ஹெரால்டின் பானெட் இரண்டு மட்கார்டையும் சேர்த்து ஒரே துண்டாக முன்பக்கம் கவிழும். தனி சேஸி (அடிச்சட்டம்) உள்ள கார். அதனால் ஃபைபருக்கு இதைவிட வசதியான உருப்படி கிடைப்பது கஷ்டம். சேஸி, கீல், பூட்டு சரியாக இருந்தால் செய்யலாம்.

துருப்பிடித்த பானெட்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், அச்சு எடுக்க அதுதான் வேண்டும். ஓட்டைகளைப் பட்டியால் அடைத்து, வடிவத்தைச் சரிசெய்து, காரிலேயே மாட்டி, கதவுக்கும் பானெட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைச் சமப்படுத்துங்கள். மோல்டையும் அங்கேயே வைத்து எடுங்கள். தரையில் கழற்றிப் போட்டு எடுத்தால் பானெட் லேசாக முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கு மோல்டில் அப்படியே இறங்கும். வள்ளத்துக்கு அரை இஞ்ச் கோணினால் மீன் கோபித்துக்கொள்ளாது. கார்க் கதவு கோபித்துக்கொள்ளும்.

மெழுகு ஐந்தாறு கோட், ஒவ்வொன்றும் காய்ந்து துடைத்த பிறகு அடுத்தது. முதல் முறை என்றால் அதற்கு மேல், ஒட்டாமல் கழன்று வர, பி.வி.ஏ. திரவமும் அடியுங்கள். மோல்டு, செய்யப்போகும் பானெட்டைவிட இரண்டு மடங்கு கனமாவது இருக்கட்டும். முதுகில் மரச்சட்டம் வைத்துக் கட்டிய பிறகே கழற்றுங்கள். பானெட்டுக்கு 450 கிராம் மேட் மூன்று லேயர் என்றால் சுமார் 3 மி.மீ. வரும். பரப்பு 2 சதுர மீட்டர் என்று வைத்தால் மேட் 2.7 கிலோ, ரெசின் அதைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு, ஆக ரெசின் ஐந்தரை முதல் ஏழு கிலோ. கீலும் பூட்டும் வரும் இடங்களில் இரும்புத் தகட்டை உள்ளே பொதித்து, கூடுதல் லேயர் கொடுங்கள். வெறும் ஃபைபரில் போல்ட் முறுக்கினால் முதல் கேள்விக்காரருக்கு வந்த விரிசல் உங்களுக்கும் வரும்.

முக மாற்றம்? எனக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். 2021ல் வந்த விதிப்படி 50 வயதைத் தாண்டிய, அசல் வடிவில் உள்ள சொந்த உபயோகக் காரை விண்டேஜ் என்று பதியலாம், நம்பரில் ‘வி.ஏ.’ என்று வரும். உங்கள் கார் அதற்குத் தகுதியான வயதில் இருக்கிறது. அசல் பானெட்டைப் பழுதுபார்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஃபைபரை அதே அச்சில் செய்து தனியாக வைத்துக்கொண்டால் இரண்டும் மிஞ்சும்.

சித்திரை வெயிலில் ரெசின் கலக்கினேன். மேட்டில் தடவுவதற்குள் மக்கில் இருந்த ரெசின் புகைந்து கட்டியாகிவிட்டது. ரெசின் மட்டமா? – மீனாட்சிபுரம்

ரெசின் மேல் பழி போடாதீர்கள். ரெசினைக் கெட்டியாக்கும் ஹார்டனரை பாட்டில் மூடியால் அளந்தீர்கள்தானே? 30 டிகிரிக்குக் கீழே ஒன்றரை, இரண்டு சதவீதம் சரி. நம் ஊர் ஏப்ரலுக்கு ஒரு சதவீதம் போதும். கிலோ ரெசினுக்கு 10 மில்லி, ஊசி போடும் சிரிஞ்சில் அளந்து விடுங்கள். அதைவிடக் குறைத்தால் உள்ளே வேகாமல் நிற்கும். நேரம் போதவில்லையென்றால் ஹார்டனரைக் குறைக்காமல் கலவையைக் குறையுங்கள், அரைக் கிலோ அரைக் கிலோவாக. மக்கில் குவிந்து கிடந்தால் தன் சூட்டிலேயே வெந்துவிடும், அகலத் தட்டில் ஊற்றினால் தாங்கும். காலை ஆறு மணிக்குத் தொடங்குங்கள்.

ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டைத் தனியாக வாங்குகிறவர்களுக்கு: முதலில் கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம்தான் ஹார்டனர். இரண்டும் நேராகச் சேர்ந்தால் வெடிக்கும், வெறும் புகையோடு நிற்காது. ஹார்டனர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள். பட்டுவிட்டால் கால் மணி நேரம் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடியுங்கள்.

இடவப்பாதி மழையில் செய்த டிக்கி மூடி இன்னும் பிசுபிசுக்கிறது. – நாட்டுக்கல்

நகத்தால் அழுத்துங்கள். உள்ளே கெட்டியாக, மேலே மட்டும் பிசுக்கு என்றால் பயமில்லை. காற்றுப் படும் பக்கம் பாலியெஸ்டர் ரெசின் அப்படித்தான் நிற்கும். அசிட்டோனால் துடைத்துத் தேய்த்தால் போகும். அடுத்த முறை கடைசிக் கோட்டில் மெழுகுக் கரைசல் கலந்த ரெசின் பூசுங்கள். மூடியே வளைந்தால் ஹார்டனர் போதவில்லை, அல்லது மேட் ஈரம். மழைக்காலத்தில் மேட்டை வெயில் காட்டாமல் எடுக்கவே கூடாது.

மட்கார்டை அகலமாக்கி, கூரையை வெட்டிவிட்டு ஓப்பன் காராக்கினால் ஆர்.டி.ஓ. பிடிப்பாரா? – கோபாலபுரம்

பிடிப்பார், இரண்டு மாநிலத்திலும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் போகும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அது ரத்து செய்தது கேரள உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பைத்தான். மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கூரையை வெட்டினால் சட்டத்தைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. தனி சேஸி இல்லாத காரில் கூரையும் எலும்புதான், எடுத்தால் நடு முதுகு தொய்ந்து கதவு சாத்தாது. அதை ஃபைபரால் கட்டிக் காப்பாற்ற முடியாது. டிராக்குக்கு மட்டும் என்று செய்தால் லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கையெல்லாம் அரிப்பு. – வாளையார்

குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் வேண்டாம். முழுக்கை சட்டை, முகமூடி. ரெசின் வாடைக்குத் துணி மாஸ்க் பிரயோஜனமில்லை, வாடையை உறிஞ்சும் கார்ட்ரிட்ஜ் வைத்தது வேண்டும்.

ஃபைபர் பானெட் மாட்டியதிலிருந்து ஹெட்லைட் மினுக்குகிறது. புது பல்பு போட்டும் அப்படியே. – வடகரப்பதி

பழைய தகர பானெட் வழியாக எர்த் போய்க்கொண்டிருந்தது. ஃபைபரில் கரண்ட் போகாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் சேஸிக்குத் தனி எர்த் ஒயர் இழுங்கள். முடிகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள்.